வாசல்படிக்கு மேலே ஏறிவிட்ட ரோடு: ஒரு கவுன்சிலர் வேட்பாளர் முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும்?

30 ஜனவரி 2022, வாசகர் கேள்வி

வேளச்சேரிக்குத் தெற்கே, 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்த பகுதியில் எங்கள் வார்டு. சுயேச்சையாக ஒரு பெண்மணி நிற்கிறார். ‘பசுமையாக வளரும் வார்டு’ என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் கொடுத்தார். 5,000 மரம், குப்பையில்லாத தெரு, 24 மணி நேரக் குடிநீர், மெட்ரோ ரயில், வெள்ளத் தடுப்பு, நடைபாதை, சூரிய விளக்கு உட்பட ஒன்பது வாக்குறுதி. இதில் எது ஒரு கவுன்சிலரால் நடக்கும்? ஒன்றே ஒன்று கேளுங்கள் என்றால் எதைக் கேட்பீர்கள்?

30 ஜனவரி 2022, இரவு, பதில்

ரோட்டு மட்டம்.

ஒன்பதில் அது இல்லை. ஆனால் ஒன்றே ஒன்று என்றால் நான் அதைத்தான் கேட்பேன். இனி எங்கள் வார்டில் எந்தத் தெருவிலும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் புதுத் தார் போடவிட மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும். என் ஓட்டு அவருக்கு.

நான் இதே பக்கத்தில் 1994-ல் வீடு கட்டியவன். அப்போது ரோட்டிலிருந்து வீட்டுக்குள் வர மூன்று படி ஏற வேண்டும். இன்று ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்குகிறோம். வீடு புதையவில்லை, ரோடுதான் ஏறியது. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் ஒரு பூச்சு, ஒவ்வொரு தோண்டலுக்கு அப்புறமும் ஒரு பூச்சு. வெள்ளத் தடுப்பு என்று எத்தனை கோடி செலவழித்தாலும், தெரு வீட்டை விட உயரமாக இருந்தால் மழைத்தண்ணீர் வாசலுக்குத்தானே வரும்?

31 ஜனவரி 2022, காலை

நேற்று எழுதியதில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். கவுன்சிலரால் எது முடியும்?

24 மணி நேரக் குடிநீர் அவர் கையில் இல்லை. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978-லிருந்து தனி வாரியத்திடம் இருக்கின்றன. மெட்ரோ தனி நிறுவனம். எந்த இடத்தில் எத்தனை மாடி கட்டலாம் என்ற பெரிய திட்டம் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கையில். பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது, மின்சாரம் மின்வாரியத்துடையது, பள்ளிக்கரணைச் சதுப்பு வனத்துறையுடையது. இவற்றை நோட்டீஸில் போடுவது தவறில்லை, மன்றத்தில் பேசலாம், கடிதம் எழுதலாம். அதற்கு மேல் அவரால் முடியாது.

அவர் கையில் இருப்பவை: உட்தெரு ரோடு, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, பூங்கா, நடைபாதை, மாநகராட்சிப் பள்ளி, கொசு மருந்து. சின்னச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு நகரம் தாங்குகிறதா மூழ்குகிறதா என்பது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். சென்னையில் 2011 அக்டோபருக்குப் பிறகு இப்போதுதான் தேர்தல். 2016-லிருந்து ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரி நிர்வாகம். அந்த இடைவெளியில் வர்தா புயல் வந்தது, 2019 வறட்சி வந்தது, கொரோனா வந்தது. தெருவில் நின்று ‘இது என்ன வேலை, எத்தனை அங்குலம் போடுகிறாய்?’ என்று உரிமையோடு கேட்க ஆளில்லாமல் இருந்தோம்.

31 ஜனவரி 2022, மாலை

வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று இன்று அளந்தே பார்த்துவிட்டேன். கட்டட வேலையில் 22 வருடம் மேற்பார்வை பார்த்தவன். டியூப் மட்டம் பிடிக்கத் தெரியும். எதிர்வீட்டுப் பையன் ஒரு முனையைப் பிடித்தான், நான் மறுமுனை. குழாயில் தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, வாசல்படி மட்டத்தை மதில் சுவரில் குறித்தோம்.

எங்கள் கேட்டுக்கு நேரே ரோட்டின் நடுப்பகுதி வாசல்படியை விட 9 அங்குலம் உயரம். 1994-ல் அதே ரோடு 18 அங்குலம் கீழே இருந்தது. ஆக, 28 வருடத்தில் 27 அங்குலம் ஏறியிருக்கிறது.

மதிலில் வாசல்படி மட்டத்துக்குச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டேன். பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு எங்களுக்கும் போடுங்கள் என்றார்கள். இருட்டுவதற்குள் 14 வீடு. கடைசி வீட்டுச் சிறுமி கேட்டாள்: ‘அங்கிள், இது எந்தக் கட்சிக் கோடு?’

1 பிப்ரவரி 2022

இது என் சொந்த யோசனை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதையே உத்தரவாகப் போட்டார். பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே (இதைத்தான் மில்லிங் என்கிறார்கள்) புதுத் தளம் போட வேண்டும், வீடுகள் ரோட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று. உத்தரவு இருக்கிறது. தெருவில் நின்று அதைப் பார்க்கிற கண் வேண்டும். கவுன்சிலர் என்பவர் அந்தக் கண்தான்.

3 பிப்ரவரி 2022

வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். கூட வந்தவர்கள் ஆறு பேர், மேளம் இல்லை. சிவப்புக் கோடுகளைப் பார்த்து நின்றுவிட்டார். விளக்கினேன். கேட்டுக்கொண்டே குனிந்து, கோட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே கையால் சாண் வைத்துப் பார்த்தார்.

‘சார், இது எங்க அம்மா வீட்டுலயும் இருக்கு. மழை வந்தா மொதல்ல மிக்ஸியத்தான் தூக்கி மேல வைப்பாங்க. ஆனா இத எப்படி சார் நோட்டீஸ்ல போடுறது? மரம்னு போட்டா படிப்பாங்க. மில்லிங்னு போட்டா யார் படிப்பாங்க?’

நியாயமான கேள்வி. ‘உங்கள் வாசல்படி இனி ஒரு அங்குலம்கூடக் கீழே போகாது’ என்று போடுங்கள் என்றேன். சிரித்தார், எழுதிக்கொண்டார். இரண்டாவது நோட்டீஸில் வருகிறதா பார்ப்போம்.

3 பிப்ரவரி 2022, சற்று நேரம் கழித்து

ரோடு மட்டும் போதாது, வரிசையும் முக்கியம் என்று அவரிடம் சொல்ல மறந்தேன். இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பாதாளச் சாக்கடை, அப்புறம் குடிநீர்க் குழாய், அப்புறம் மழைநீர் வடிகால், அப்புறம் கேபிள். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ரோடு. எங்கள் தெருவில் இது தலைகீழாக நடந்தது. ரோடு போட்டார்கள், ஏழாவது மாதம் குழாய்க்குத் தோண்டினார்கள். மூடி ஒட்டுப் போட்டார்கள், மறுபடி கேபிளுக்குத் தோண்டினார்கள். ஒரே தெரு ஐந்து வருடத்தில் நான்கு முறை. மூன்றாவது முறை மூடாமல் விட்ட பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. பள்ளத்தைச் சுற்றி ஒரு கயிறுகூடக் கட்டியிருக்கவில்லை. இன்னும் அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்க முடியாது.

தோண்டுகிற ஒவ்வொருவரும் மற்றவரிடம் கேட்பதில்லை. வார்டு அளவில் ஒரு தாளில் ‘இந்தத் தெருவில் இந்த மாதம் இன்ன வேலை’ என்று எழுதி எல்லாருக்கும் காட்டினாலே பாதி மிச்சம். வளர்ச்சி என்று இதைச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன்.

6 பிப்ரவரி 2022

குப்பை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெருங்குடி குப்பைக் கிடங்கு எங்களுக்குப் பக்கம். காற்று கிழக்கிலிருந்து வந்தால் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியாது. அது 200 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது, சதுப்பு நிலத்தின் மேலேயே. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கேதான் போனது. இப்போது பழைய குப்பையைச் சலித்து எடுக்கும் பயோமைனிங் பேச்சு நடக்கிறது. நடந்தால் பெரிய விஷயம். ஆனால் ஒரு பக்கம் சலித்து எடுத்துக்கொண்டே இன்னொரு பக்கம் புதிதாகக் கொட்டினால் என்ன ஆகும்?

ஆகவே, ‘குப்பையில்லாத தெரு’ என்ற வாக்குறுதியை நான் இப்படித் திருத்துவேன்: எங்கள் வார்டின் ஈரக்குப்பை வார்டை விட்டு வெளியே போகாது. 2016 திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே தரம் பிரிக்கச் சொல்கின்றன. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், நாம் இரண்டாகப் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், மறுநாளிலிருந்து யாரும் பிரிப்பதில்லை. என் மனைவி பிரிக்கிறாள். நான் இரண்டு வருடம் பிரிக்கவில்லை. அதற்கு நான் சொன்ன காரணமும் இதுவேதான்.

வண்டி ஓட்டும் பெண்ணிடம் பேசிப் பார்த்தேன். பேட்டரி வண்டியில் தனித்தனித் தொட்டி இருக்கிறது, ஆனால் அவர் போக வேண்டிய வீடுகள் அதிகம், மழைநாளில் தொட்டி பாதியிலேயே நிரம்பிவிடும், அப்புறம் எதில் போடுவது என்று கேட்டார். அவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வார்டுக்குள்ளேயே உரமாக்கும் இடம் ஒன்று இருந்தால் அவர் தொட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி வரலாம். இடம் எது? யார் வீட்டுக்குப் பக்கத்தில்? அங்கேதான் எல்லாரும் நழுவுகிறோம்.

8 பிப்ரவரி 2022

ஒரு திருத்தம். மூன்றாம் தேதி எழுதியதில் மழைநீர் வடிகால் எல்லாத் தெருவிலும் வேண்டும் என்பதுபோல் ஆகிவிட்டது. இரண்டு நாளாக அதையே யோசிக்கிறேன்.

வடிகால் என்பது தண்ணீரை இங்கிருந்து அங்கே தள்ளுவது. அந்த ‘அங்கே’ எது? எங்களுக்கு அது சதுப்பு. செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று மேலே இருக்கிற ஏரிகளின் உபரிநீரும் அங்கேதான் வருகிறது. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், பிறகுதான் கடல். இவ்வளவு பெரிய பரப்பின் தண்ணீருக்கு ஒக்கியம் மடுவு ஒரு சிறிய வாய். அது நிரம்பி நிற்கிறபோது நாம் எத்தனை வடிகால் கட்டினாலும் தண்ணீர் திரும்பி வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணல் பகுதியில் வடிகால் திட்டம் வந்தபோது அங்கே குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள். மணலில் மழை தானாக இறங்கி நிலத்தடி நீராகிறது, அதைக் கான்கிரீட் கால்வாயில் பிடித்துக் கடலுக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். சரியான கேள்வி. ஒரே நகரம், இரண்டு மண், இரண்டு பதில். ஆகவே ‘வெள்ளத் தடுப்பு’ என்று பொதுவாகச் சொல்லும் வேட்பாளரிடம் கேளுங்கள்: உங்கள் வார்டில் மண் என்ன மண்?

8 பிப்ரவரி 2022, இரவு

பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் சொன்னதை இங்கே போடாமல் இருக்க முடியவில்லை. 2015 டிசம்பர் 2 காலை அவர் வீட்டுக் கூடத்தில் கெண்டை மீன் நீந்தியது. ‘முன்னல்லாம் நாங்க ஏரியப் பாக்கப் போவோம். இப்ப ஏரி எங்களப் பாக்க வருது’ என்றார். அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்டது வினாடிக்கு 29,000 கன அடி. அது அடையாற்றுக் கதை. எங்களுக்கு வந்தது வேறு தண்ணீர், ஏரிக்கு ஏரி வழிந்து வந்த தண்ணீர். ஆனால் கூடத்துக்குள் வந்த பிறகு எந்த ஏரித் தண்ணீர் என்று யார் கேட்டார்கள்?

9 பிப்ரவரி 2022

மரம். சுருக்கமாக. 5,000 வேண்டாம், 200 போதும், ஆனால் 200-ம் மூன்று கோடை தாண்ட வேண்டும். புங்கன், வேம்பு, பூவரசு. வர்தா அடித்த 2016 டிசம்பர் 12 அன்று எங்கள் தெருவில் விழுந்தவை பெரும்பாலும் குல்மோஹரும் தூங்குமூஞ்சியும். நட்டு வைத்த மரத்தின் அடியில் சிமென்ட் பூசி மூடுவதை நிறுத்தினாலே இருக்கிற மரங்கள் பிழைக்கும்.

12 பிப்ரவரி 2022

மழைநீர் சேகரிப்பு நோட்டீஸில் இல்லை. 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிய ஊர் இது. ஒருவேளை முடிந்த விஷயம் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

ஒரு கணக்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. சென்னையில் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டு மொட்டை மாடியில் வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் சொன்னால் 25 லாரி. இதை எழுதுகிறபோது 2019 ஜூன் நினைவுக்கு வருகிறது. ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் பக்கத்து அபார்ட்மென்டில் அந்த இரண்டு மாதமும் இரவு இரண்டு மணிக்கு லாரி வரும், எல்லாரும் எழுந்து சம்ப் மூடியைத் திறந்துவைத்து நிற்பார்கள். மாடியில் விழுந்த 25 லாரித் தண்ணீரை நவம்பரில் ரோட்டுக்கு விட்டுவிட்டு, ஜூனில் காசு கொடுத்து வாங்கினோம்.

கவுன்சிலர் செய்யக்கூடியது: ஒவ்வொரு செப்டம்பரும் வார்டு முழுக்க சேகரிப்புக் குழிகளைத் திறந்து பார்க்க வைப்பது. குழி இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். மூடியைத் திறந்தால்தான் தெரியும், வண்டல் மூடி வருடக்கணக்கில் ஆகியிருக்கும்.

13 பிப்ரவரி 2022

நேற்றைய கணக்கில் இரண்டு குறை. ஒன்று, விழுவதெல்லாம் இறங்காது. பெருமழையில் குழி நிரம்பி வழியும். மொட்டை மாடி முழுக்க நிலத்தின் அளவும் இருக்காது. பாதி கிடைத்தால் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். எட்டாம் தேதி ‘மண் என்ன மண்?’ என்று கேட்டவன் நான்தான், நேற்று எனக்கே அது மறந்துவிட்டது. எங்கள் பக்கம் மேலே களிமண். நான்கடிக் குழி தோண்டி ஜல்லியும் மணலும் போட்டால் அது குட்டையாகத்தான் நிற்கும், இறங்காது. களியைத் தாண்டி அடியில் இருக்கிற மணல் அடுக்குக்கோ சிதைந்த பாறைக்கோ துளை போட்டு இறக்க வேண்டும். திறந்த கிணறு இருக்கிறவர்கள் மாடித் தண்ணீரை வடிகட்டி நேராகக் கிணற்றில் விடலாம், அதைவிட நல்லது எதுவும் இல்லை. எங்கள் கிணற்றை 2008-ல் மூடினேன், கார் நிறுத்த. அதை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

15 பிப்ரவரி 2022

இரண்டாவது நோட்டீஸ் வந்தது. மெட்ரோ போய்விட்டது. ‘வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் பாதைக்காக மன்றத்தில் குரல் கொடுப்பேன்’ என்று மாற்றியிருக்கிறார். 2008-ல் தொடங்கிய வேலை, ஐந்து கிலோமீட்டர், இன்னும் முடியவில்லை. குரல் கொடுப்பேன் என்பது உண்மையான வார்த்தை, முடிப்பேன் என்பதை விட மரியாதையானது.

முதல் வரியில்: ‘உங்கள் வாசல்படி இனி கீழே போகாது.’

நடைபாதை பற்றிய வரியும் நன்றாக வந்திருக்கிறது. பள்ளியிலிருந்தும் ரேஷன் கடையிலிருந்தும் பஸ் நிறுத்தம் வரை மட்டும், தொடர்ச்சியாக, நடுவில் டிரான்ஸ்பார்மர் மறிக்காமல். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. பாண்டி பஜாரில் 2019-ல் அழகான நடைவழி வந்தது. எங்கள் வார்டில் பாண்டி பஜார் வேண்டாம். என் மனைவி கையில் பையோடு, ரோட்டில் இறங்காமல் பஸ் நிறுத்தம் போக முடிந்தால் போதும்.

19 பிப்ரவரி 2022

ஓட்டுப் போட்டாயிற்று. காலை ஏழரைக்கு வரிசையில் பதினோரு பேர்தான். மதியம் போய்ப் பார்த்தேன், அப்போதும் கூட்டமில்லை. பத்து வருடத்துக்கு மேல் கழித்து வருகிற தேர்தலுக்கு இதுவா?

22 பிப்ரவரி 2022

எங்கள் சுயேச்சை வேட்பாளர் தோற்றார். மூன்றாவது இடம். ஜெயித்தவர் கட்சிக்காரர், இதே பகுதிக்காரர், அவர்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. சென்னையில் ஓட்டுப் பதிவு 44 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை என்பதுதான் மனதை உறுத்துகிறது.

தோற்றவருக்குப் போன் செய்தேன். ‘கோட்ட அழிச்சிடாதீங்க சார்’ என்றார்.

12 ஏப்ரல் 2022

சொத்துவரி உயர்வு பற்றிக் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். மாநிலம் முழுக்க 25-லிருந்து 150 விழுக்காடு வரை. சென்னையில் 1998-க்கு அப்புறம் இப்போதுதான் பொதுச் சீராய்வு. என் கருத்து பலருக்குப் பிடிக்காது: வரி ஏறியது சரி. 24 வருடம் ஏற்றாமல் வைத்து ஒரே நாளில் ஏற்றியதுதான் தவறு. வாடகைக்கு இருப்பவர் தலையில்தான் கடைசியில் விழும்.

மாநகராட்சி பட்ஜெட்டில் கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியை 30 லட்சத்திலிருந்து 35 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். ஒரு வார்டுக்கு, ஒரு வருடத்துக்கு. இதில் 5,000 மரமும் சூரிய விளக்கும் நடைபாதையும் எப்படி முடியும்? இதைத் தெரிந்துகொண்டு நோட்டீஸ்களைத் திரும்பப் படியுங்கள். பெரிய வேலைகள் தலைமையிடத்து நிதியில் நடப்பவை. கவுன்சிலரின் உண்மையான வேலை பணத்தைச் செலவழிப்பதை விட, வருகிற வேலையைச் சரியாக நடக்க வைப்பது. ஜனவரியில் அரைகுறையாகச் சொன்னதை இப்போது தொகையோடு சொல்கிறேன்.

29 ஏப்ரல் 2022

பெருங்குடி கிடங்கில் நேற்று முன்தினம் பிடித்த தீ இன்னும் அணையவில்லை. ஜன்னலைச் சாத்தினாலும் புகை. பேத்திக்கு இருமல் நிற்கவில்லை, ஆவடிக்கு என் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பிப்ரவரி ஆறாம் தேதி எழுதியதில் ‘நான் இரண்டு வருடம் பிரிக்கவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. இப்போது பிரிக்கிறேன்.

3 நவம்பர் 2022

நல்ல செய்தி. உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ல் முதல் பகுதி சபைக் கூட்டம். கிராமத்தில் கிராம சபை இருப்பதுபோல் நகரத்துக்கு இது. வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, வருடத்துக்குச் சில முறை மக்கள் உட்கார்ந்து பேசலாம்.

முப்பது பேர் வந்திருந்தோம். பாதிப் பேர் தெருவிளக்கு, நாய் என்றார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான், நாய்க்கடி வாங்கியவருக்கு ரோட்டு மட்டமா பெரிது? நான் சுவர்க் கோடுகளின் படத்தைக் காட்டினேன். தோற்ற வேட்பாளரும் வந்திருந்தார், எனக்கு முன்னால் எழுந்து தெருவாரியாக அளவு வாசித்தார். என் 14 வீட்டோடு நிறுத்தாமல், தன் ஆட்களோடு 60 வீடு அளந்து வைத்திருக்கிறார்! ஜெயித்த கவுன்சிலர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, ‘இது எனக்கு வேணும், ஒரு காப்பி குடுங்க’ என்றார். தீர்மானமாக எழுதினார்கள்: இந்தப் பகுதியில் சுரண்டாமல் ரோடு போடக் கூடாது.

என் 22 வருட வேலையில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு கூட்டத்திலிருந்து திரும்பியதில்லை.

7 டிசம்பர் 2023

மின்சாரம் நேற்று இரவுதான் வந்தது. மிக்ஜாம் புயல். ஞாயிறு இரவு தொடங்கி திங்கள் முழுக்க அடித்தது. வீட்டுக்குள் இரண்டடி, வடிய மூன்று நாள்.

2022 பிப்ரவரி 8-ல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அப்படியே நடந்தது. புது வடிகால் முதல் சில மணி நேரம் நன்றாக இழுத்தது, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்புறம் சதுப்பு நிரம்பியது, கடலும் வாங்கவில்லை. வடிகால் மூடித் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே கொப்பளித்து வந்தது. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள், இந்த வருடம் மார்ச்சில் அறிக்கையும் கொடுத்துவிட்டார்கள். சதுப்புக்கும் ஒக்கியம் மடுவுக்கும் வழி செய்யாமல் வார்டு வார்டாக வேலை செய்து எங்களைக் காப்பாற்ற முடியாது.

அப்படியானால் ரோட்டு மட்டம் என்று நான் கத்தியது வீணா? இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீணில்லை. மிக்ஜாம் பத்து வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. எட்டு சென்டிமீட்டர் மழை வருடத்துக்கு நான்கு முறை. அந்த நான்கு முறையும் வீட்டுக்குள் வருவது ரோட்டு மட்டத்தால். பெரிய வெள்ளத்துக்குச் சதுப்பு, சின்ன வெள்ளத்துக்கு ரோடு. கவுன்சிலரிடம் இரண்டாவதைக் கேளுங்கள், எம்.எல்.ஏ.விடமும் எம்.பி.யிடமும் முதலாவதைக் கேளுங்கள். ஒன்றேதான் பதில் என்று முதல் நாள் எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன்.

சதுப்பு 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, 1,200 ஹெக்டேருக்கு மேல். மீதமிருப்பதாவது மிஞ்சட்டும்.

18 ஜூன் 2024

எங்கள் தெருவுக்கு ரோடு வேலை வந்தது. இரவு பத்து மணிக்கு. பெரிய மில்லிங் இயந்திரம் எங்கள் தெருவில் திரும்ப முடியாது, அதனால் சுரண்டாமலே போட்டுவிடுகிறோம் என்றார் மேற்பார்வையாளர். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தீர்மானத்தின் நகலைக் காட்டினேன். அவர் நல்ல பிள்ளை, பாவம், ‘எனக்கு யாரும் சொல்லல சார்’ என்றார். கவுன்சிலருக்குப் போன் போனது. பத்தே முக்காலுக்கு அவரே வந்துவிட்டார். பனியனோடு. வேலையை அன்று நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் ஜேசிபி கொண்டுவந்து பழைய தாரைப் பெயர்த்தார்கள். சத்தத்தில் தெருவே தூங்கவில்லை, ஒருவர்கூடக் கோபப்படவில்லை.

பெயர்த்த தாரில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. எதிர்வீட்டுப் பையன் எண்ணிப் பார்த்து ஏழு என்றான். இப்போது அவன் சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

2 மார்ச் 2025

அடுத்த தேர்தலுக்கு யார் நிற்பார்கள், என்ன கேட்கலாம் என்று மறுபடி சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். போன முறை தோற்ற வேட்பாளர் மறுபடி நிற்கிறாராம். ஈரக்குப்பை உரமாக்கும் இடத்துக்குத் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புறம்போக்கையே கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், தினமும் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். நானும் அடுத்த ஞாயிறு கூடப் போகிறேன்.

இன்று காலை டியூப் மட்டம் வைத்து மறுபடி அளந்தேன். எங்கள் கேட்டுக்கு நேரே, சிவப்புக் கோட்டுக்கு மேலே ரோடு எட்டே முக்கால் அங்குலம். 2022-ல் ஒன்பது.